மடக்கக் கூடாத நாள்

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒரு சட்டம் உண்டு. கையில் வந்த சீட்டை மடக்கிப் போடக் கூடாது. நல்ல சீட்டோ நாறல் சீட்டோ, கடைசி வரைக்கும் ஆடித்தான் ஆக வேண்டும். "வருசத்துல ஒரு நாளு. வந்தவள வேணாம்னு தள்ளக் கூடாது," என்பார் அப்பா. வந்தவள் என்று அவர் சொல்வது லட்சுமியை. காசு வைத்து ஆடுவது கிடையாது. பழைய பிஸ்கட் டின் நிறைய ரப்பர் மரத்துக் கொட்டை இருக்கிறது, அதுதான் பந்தயம். ஆட்டம் முடிந்ததும் அம்மா சீட்டுக்கட்டையும் டின்னையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அடுத்த தீபாவளி வரை வீட்டில் சீட்டு என்ற பேச்சே இருக்காது.

இந்தச் சட்டத்தை நினைத்துத்தான் சில வாரமாக எனக்குத் தூக்கம் போயிருந்தது. காரணம் சரண். நான் கட்டிக்கொள்ளப் போகிறவன். அவனுக்கு வேலையே சீட்டை மடக்குவதுதான்.

சரண் புக்கிட் பெலிம்பிங் ஊர்க்காரன். கோலசிலாங்கூர் டவுனில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு ஒருநாள் கன்னம் வீங்கி வந்தான். மற்றவர்கள் எல்லாம் முனகிக்கொண்டும் என்னைத் திட்டிக்கொண்டும் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தான். அவன் பல்லைப் பார்த்து முடித்த டாக்டர், "இந்தப் பல்லோடு எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ" என்றார். அந்த அமைதியில்தான் நான் விழுந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கோழி எழுந்து ஓடும். எனக்கு அமைதியான ஆள் கிடைப்பது புதுசு.

அப்போது அவன் ஒரு லோரி கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி மூடியதும், பொழுதுபோக்குக்குக் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்த சீட்டையே வேலையாக்கிக்கொண்டான். என்ன ஆட்டம் அது என்று ஒரு நாஸி கண்டார் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்துக் கேட்டேன். அவனும் பொறுமையாகச் சொன்னான். ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கடைசியில் குவிந்த பணத்தில் பாதி உசந்த கைக்கு, பாதி தாழ்ந்த கைக்கு.

"ரெண்டு பரிசு இருக்குன்னு தெரிஞ்சா ஜனங்க என்ன பண்ணுவாங்க?" என்றான். "எல்லாக் கையையும் ஆடுவாங்க. மேல இல்லன்னா கீழ, ஏதோ ஒரு பக்கம் கெடைக்காதான்னு."

"நீ?"

"நான் ரெண்டு பக்கமும் பாக்குற சீட்டு வந்தா மட்டும்தான் உள்ள போவேன். ஆஸ், ரெண்டு, மூணு, அந்த மாதிரி. மத்தத பாத்த உடனே மடக்கிடுவேன். பாதிக்கு ஆடினா, அந்தப் பாதியிலயும் இன்னொருத்தன் பங்குக்கு வந்துடுவான். கடைசியில கால்வாசிதான் நமக்கு. போட்டதே திரும்பி வராது."

"அப்ப நாள் பூரா சும்மாதான் உக்காந்திருக்க."

"அதான் வேலை."

பொறுமைக்குக் கிடைக்கிற சம்பளம் என்று நான் புரிந்துகொண்டேன். வருமானமும் மாதாமாதம் ஒழுங்காகத்தான் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

எனக்கு இருந்த ஒரே பயம் அப்பா. அப்பா பெயர் இருசப்பன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டம் கைமாறியபோது அவருக்கும் அவர் தம்பி கார்த்திகேசு சித்தப்பாவுக்கும் நஷ்டஈடு கிடைத்தது. அப்பா ஈஜோக்கில் இந்த வீட்டை வாங்கினார். சித்தப்பா ஒரு கடைவீட்டு மாடியில் சீட்டாடப் போனார். பணம் போனது, அப்புறம் மோட்டார் சைக்கிள், அப்புறம் சித்தி. இப்போது ஜங்ஷனில் ஒரு அறை எடுத்துக்கொண்டு கூலிக்குப் புல் வெட்டுகிறார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் ஆடுவதைப் பார்ப்பார். பாயில் உட்காரவோ சீட்டைத் தொடவோ அவருக்கு அனுமதி இல்லை. அப்படி ஒரு தம்பியை வைத்திருக்கிற மனிதரிடம் போய், "உங்கள் மருமகன் சீட்டாடிச் சம்பாதிக்கிறான்" என்று எந்த வாயால் சொல்வது?

அதனால், சிங்கப்பூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டேட்டா வேலை பார்க்கிறார் என்று சொல்லிவைத்தேன். "டேட்டான்னா?" என்றார் அப்பா. "கணக்கு மாதிரிப்பா." "கணக்குன்னா நல்லதுதான்." சரணின் மாமா வந்து பெண் கேட்டபோதும் அப்பா முகம் கொடுத்துத்தான் பேசினார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. அவர்கள் எழுந்து போகும் நேரத்தில்தான் அப்பா அந்த வெடியைப் போட்டார்.

"தீபாவளிக்குத் தம்பி வந்து நம்மளோட ஒரு ஆட்டம் உக்காரட்டும். மனுசன சீட்டுல பாத்தாதான் தெரியும். அப்புறம் தேதி குறிப்போம்."

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வேலை முடிந்ததும் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் அவன் காரை நிறுத்தி, சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு அவனுக்கு மோசமாக ஆடப் பயிற்சி கொடுத்தேன். கட்டிக்கப் போகிறவனுக்குத் தோற்கச் சொல்லிக் கொடுக்கிற நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. மின்மினி பார்க்கப் படகுக்குக் காத்திருந்த ஆட்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நல்ல சீட்டு வந்தா சிரி. மோசமா வந்தா மூஞ்சத் தூக்கு. எங்கப்பாவ மாதிரி தலைய சொறி."

"ம்."

"அப்புறம் சீட்ட ஒரே தடவ பாக்காத. யாருமே அப்படிப் பாக்க மாட்டாங்க. நாலு தடவ எடுத்து எடுத்துப் பாரு."

"ஒரு தடவ பாத்தா போதுமே."

"உனக்குப் போதும். எங்கப்பாவுக்குச் சந்தேகம் வரும்."

அவன் சிரிக்கவில்லை. சீட்டை மறுபடி எடுத்து, எனக்காகப் பார்த்தான். பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கிற பையன் கூட இதைவிட நன்றாக நடிப்பான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தீபாவளி அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கூடத்தில் பாயை விரித்தார். அம்மா பெயர் சின்னத்தாய். அப்பா, அம்மா, நான், சரண், நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். வாசல் நாற்காலியில் சித்தப்பா முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டம்தான். தோட்டத்தில் ஆபீஸில் கணக்கெழுதிய யாரோ ஒரு கிராணி கொண்டுவந்தது என்பார்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததை ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். ஜோடி, அதைவிட முக்கூட்டு, அதைவிட வரிசை என்று உசந்த கை குவியலில் பாதியை எடுக்கும். ஜோடி சேராத, இருப்பதிலேயே சின்னக் கை மறு பாதியை எடுக்கும்; அங்கே ஆஸ்தான் ஒன்று, எல்லாவற்றிலும் சின்னது. மேலா கீழா என்று வாயால் சொல்லக் கூடாது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மூடிக்கொண்டு வர வேண்டும். வெறும் கை என்றால் கீழ், ஒரு கொட்டை என்றால் மேல், இரண்டு கொட்டை என்றால் இரண்டுமே வேண்டும் என்று அர்த்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்போம். இரண்டு கேட்டவர் இரண்டையும் ஜெயிக்க வேண்டும், ஒன்று தவறினாலும் ஒன்றுமே கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டு கேட்கிற ஒரே ஆள் அம்மா. அதுவும் அப்பாவைக் கடுப்பேற்றத்தான்.

அப்பா சீட்டைப் போட்டார். சரண் தன் ஐந்தையும் எடுத்தான். ஒரே ஒரு தடவை பார்த்தான். அடுத்த நொடி அத்தனையையும் கவிழ்த்து, இரண்டு விரலால் நடுவை நோக்கித் தள்ளிவிட்டான்.

அத்தனை நாள் ஆற்றங்கரைப் பயிற்சியும் ஆற்றோடு போனது. அது யோசித்துச் செய்ததில்லை, சூடுபட்ட கை தானாகப் பின்னால் வருவது மாதிரி கை தானாகச் செய்தது.

"என்ன தம்பி, சீட்டு புடிக்கலியா?" என்றார் அப்பா.

"இல்ல மாமா. காத்துல பறக்குதுன்னு கீழ வச்சேன்."

"சின்னத்தாயி, ஃபேன கொறச்சி வை."

அம்மா எழுந்து ஃபேனைக் குறைத்தார். அப்பா தன் சீட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் மெல்ல மூச்சை விட்டு நிமிர்ந்தபோது, வாசல் நாற்காலியில் சித்தப்பா முறுக்கைக் கடிக்காமல் வாயருகே பிடித்துக்கொண்டு சரணின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சரண் நன்றாகவே சமாளித்தான். தலையைச் சொறிந்தான். சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தான். ஜோடி கூட இல்லாமல் ஒரு கொட்டையை நீட்டி அம்மாவிடம் தோற்றான். "சிங்கப்பூர் கம்பெனி இவர வச்சிகிட்டு எப்படிலா பொழைக்குது?" என்று அப்பா கிண்டல் செய்தார். அம்மா முன்னால் கொட்டை குவிந்துகொண்டே போனது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் இரண்டு கண் இருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

குளிர்பானம் எடுக்க அடுப்படிக்குப் போனேன். சித்தப்பாவும் பின்னாலேயே வந்தார்.

"மாப்ள எங்க ஆடுறாரு?" என்றார்.

அப்பா இன்னும் 'தம்பி'யில்தான் இருக்கிறார். சித்தப்பா 'மாப்ள'க்கே போய்விட்டார்.

"என்ன சித்தப்பா? பந்தாட்டமா? ஸ்கூல்ல ஆடுனாராம்."

"என்கிட்டயே லா?" அவர் கோபப்படவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார். "அந்த மொத கைய பாத்தேன். அந்த மாடியில அப்படிப் போடுறவன் ஒருத்தன் ரெண்டு பேருதான் இருப்பான். அவனுங்க மட்டும்தான் சிரிச்சிகிட்டு வீட்டுக்குப் போவானுங்க. போன்லயா, கம்ப்யூட்டர்லயா?"

நான் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டே இருந்தேன். உடைந்ததையே மறுபடி உடைத்தேன்.

"எனக்கும் அந்த ஆட்டத்த போன்ல போட்டுக் குடுக்கச் சொல்லும்மா. எந்த சீட்டுக்கு ஆடணும், எதுக்கு ஆடக் கூடாது, அத மட்டும் காட்டிக் குடுத்தா போதும். விட்டதுல ஒரு பாதிய எடுத்தாலும் போதும் எனக்கு. உங்க சித்தி திரும்பி வந்துருவா." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பயப்படாத."

சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்ன விதத்திலேயே, கேட்டது கிடைக்காவிட்டால் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. கொடுத்தால் சித்தப்பா மறுபடி அந்தக் குழியில் இறங்குவார். கொடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் என் கல்யாணம் நின்றுபோகும். காரிலிருந்து எதையோ எடுக்கிற சாக்கில் சரணை வெளியே கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

"சும்மா சரின்னு சொல்லி வை. அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

சரண் கார் கதவைச் சாத்தினான். "அவருக்குப் போட்டுக் குடுக்க மாட்டேன், நித்தியா. நான் சீட்டு சொல்லிக் குடுத்தாலும் அவரால மடக்க முடியாது. ஒரு மாசத்துல இருக்கிற ரூமும் போயிடும்."

"அப்ப அப்பாகிட்ட சொல்லிடுவாரு."

"அவரு எதுக்கு? நானே சொல்றேன்."

நான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. அவன் கேட்கவில்லை. உள்ளே போய், பாயில் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, "மாமா, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தான். சிங்கப்பூர் கம்பெனி இல்லை என்றான். சீட்டு என்றான். எத்தனை வருடம், எந்த ஆட்டம், எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொன்னான். அந்தப் பொய் நான் சொன்ன பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நானே சொன்னேன். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கையிலிருந்த சீட்டுகளைச் சேர்த்து, கட்டோடு வைத்து, ஓரம் தட்டி நேராக்கினார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தோத்து வீட்டுக்கு வந்தது உண்டா?"

"உண்டு மாமா. மாசக் கணக்குல பாத்தா இல்ல."

"எப்படி?"

"பெரும்பாலும் ஆடாம இருப்பேன். அவ்வளவுதான்."

அப்பா வாசல் பக்கம் தலையைத் திருப்பி, "கார்த்திகேசு, இங்க வந்து உக்காரு," என்றார்.

அம்மா பதறிப்போனார். "என்னங்க இது? அவர ஏன்?"

"வெறும் கொட்டைதானே. எனக்கு ஒண்ணு பாக்கணும்."

சித்தப்பா எழுந்து வந்த வேகத்தில் முறுக்குத் தட்டு கவிழ்ந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்தப் பாயில் அவர் உட்கார்ந்ததில்லை. டின்னைக் கவிழ்த்து, இரண்டு பேருக்கும் சமமாகக் கொட்டையைப் பிரித்து வைத்தார் அப்பா. "இந்த ஆட்டத்துக்குச் சட்டம் இல்ல. வேணாம்னா மடக்கலாம். நீங்க ரெண்டு பேரு மட்டும்."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மடக்கத் தெரிந்தவனா, தன் தம்பி மாதிரி மடக்கத் தெரியாதவனா என்று அப்பா பார்க்கப் போகிறார். அது மட்டும்தான் என்றால் பயமே இல்லை. நான் சரணுக்குப் பின்னால் போய், அவன் சீட்டு தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

அப்பா போட்டார். இருவரும் ஆளுக்கு ஒரு கொட்டை வைத்தார்கள். சரண் ஒரு தடவை பார்த்தான், மடக்கினான். சித்தப்பா அந்த இரண்டையும் வாரிக்கொண்டார். மறுபடி போட்டார். சரண் மடக்கினான். மறுபடியும். சித்தப்பாவுக்குக் குஷி தாங்கவில்லை. "என்ன மாப்ள, பயந்துட்டீங்களா? ஆடுங்க லா." எந்தச் சீட்டு வந்தாலும் அவர் மேலும் கொட்டை வைத்தார். ராஜா வந்தால் வைத்தார், ஒன்றுமில்லாமல் வந்தாலும் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சரண் பக்கத்துக் குவியல் கரைந்துகொண்டே வந்தது. அவன் அலட்டிக்கொள்ளவில்லை. பாத்தியா அப்பா, இதுதான் என் ஆளு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் கை வந்தது. ஆஸ், இரண்டு, மூன்று, நான்கு, கூடவே ஒரு ராணி. சரண் வழக்கம்போல ஒரு தடவைதான் பார்த்தான். மடக்கவில்லை. ராணியை மட்டும் கொடுத்துவிட்டு வேறு சீட்டு வாங்கினான். ஐந்து வந்தது. வரிசையான ஐந்து சீட்டு, அதே சமயம் இருப்பதிலேயே சின்ன ஐந்து சீட்டு. மேலும் பார்க்கும், கீழும் பார்க்கும். கீழே அவனை யாராலும் அடிக்க முடியாது. இரண்டு பேர் மட்டும் ஆடுகிற இடத்தில் இவன் கீழ் மட்டும் கேட்டு, சித்தப்பா மேலே ஜெயித்தால் கூட அவர் வைத்ததுதான் அவருக்குத் திரும்பி வரும். கீழ் மட்டும் கேட்டால் சரண் எதையும் விடவே முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

சித்தப்பா மூன்று சீட்டை மாற்றினார். புதுசாக வந்ததைப் பார்த்ததும் அவர் தொடை ஆடத் தொடங்கியது. கொட்டையைக் கைநிறைய அள்ளி வைத்தார். சரணும் வைத்தான். சித்தப்பா இன்னும் வைத்தார். சரண் தன்னிடம் மிச்சமிருந்த அத்தனையையும் தள்ளினான். சித்தப்பா யோசிக்கவே இல்லை, எதிரில் இருந்த குவியலுக்கு ஈடாக எண்ணி வைக்கக் கூடப் பொறுமை இல்லாமல் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

இருவரும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நான் பின்னால் இருந்ததால் சரணின் கை எனக்குத் தெரிந்தது. இரண்டு கொட்டை.

"தெற," என்றார் அப்பா.

சித்தப்பா கையில் ஒரு கொட்டை. சீட்டை அடித்துப் போட்டார். மூன்று ராஜா. "எடு பாப்போம்!" என்றார். சரண் கையைத் திறந்து இரண்டு கொட்டையைக் காட்டி, தன் சீட்டை ஒவ்வொன்றாக வைத்தான். ஆஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு குவியலைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன். அப்பா சீட்டைப் பார்க்கவில்லை, கொட்டையைப் பார்க்கவில்லை. முதல் கையிலிருந்தே அவர் பார்த்துக்கொண்டிருந்தது சரணின் முகத்தை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, ஒரு பிடி குடு," என்று சித்தப்பா கையை நீட்டினார். "ஒரே ஒரு ஆட்டம். சீட்டு இப்பதான் சூடாகுது. குடுண்ணே." வெறும் ரப்பர் கொட்டைக்கு அந்தக் குரல். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா சரணிடம்தான் பேசினார்.

"தோட்டத்துக் காசு அவ்வளவும் அந்த மாடியிலதான் தம்பி போச்சு. யாருகிட்ட போச்சுன்னு இவனுக்கே தெரியாது. எனக்கு மட்டும் அது மனசுல இருந்துகிட்டே இருக்கும். எதுத்தாப்புல ஒருத்தன் உக்காந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டிருப்பான் இல்ல, அவன் மொகம் எப்படி இருக்கும்னு நெனச்சிப் பாப்பேன். கெட்டவனாட்டம் இருக்கும்னு நெனச்சேன். இப்படி நல்ல பிள்ளையாட்டம் இருக்கும்னு நெனக்கல."

"நான் யாரையும் ஏமாத்தல மாமா. வான்னு கூப்புடவும் இல்ல."

"ஏமாத்துனேன்னு நான் சொல்லலியே. ஒண்ணு மட்டும் சொல்லு. இவன மாதிரி எல்லாக் கையையும் ஆடுறவன் யாருமே இல்லன்னா உனக்கு வருமானம் உண்டா?"

சரண் பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல மாமா," என்றான்.

"எதுத்தாப்புல இருக்கிறது யாருன்னு தெரியுமா?"

"பேரு மட்டும் தெரியும். மொகம் தெரியாது."

சொல்லிவிட்டு அவன் அந்தக் குவியல் முழுவதையும் சித்தப்பா பக்கம் தள்ளினான். "சின்ன மாமா, நீங்களே வச்சிக்குங்க." நல்ல மனசோடுதான் செய்தான். சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். கொட்டையை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு, சீட்டுக்கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தார். "போடுங்க மாப்ள, போடுங்க." அம்மா கட்டைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சூதாடி இல்லம்மா இந்தப் பிள்ள. எனக்குத் தெரிஞ்சு போச்சு. உன்ன பட்டினி போட மாட்டான், கைய நீட்ட மாட்டான். நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். நீயும் பாத்துகிட்டுதானே இருந்த. தை மாசத்துக்குத் தேதி குறிக்கலாமா?"

இதற்குத்தான் இத்தனை நாள் தவம் கிடந்தேன். சரி என்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். சித்தப்பாவின் மடியிலிருந்து ஒரு கொட்டை உருண்டு வந்து என் முழங்காலில் முட்டி நின்றது. சித்தப்பா மூன்று ராஜாவைப் போட்டுச் சிரித்தபோது சரணின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். பல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்ததே, அதே முகம். அதே அமைதி. என்னிடம் அன்பாக இருக்கும்போதும் அதேதான். அதில் எது எதுவென்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே எனக்குப் பெரிய பயமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் நல்லவன்தான். சித்தப்பாவுக்குப் போட்டுக் கொடுக்க மாட்டேன் என்று என் கண் முன்னால் சொன்னவன்தான். முகம் தெரியாத எத்தனை சித்தப்பாக்களின் சித்திகள் வீட்டை விட்டுப் போனார்களோ, அந்தக் காசில்தான் எனக்குத் தாலி வாங்கப் போகிறான்.

"இப்ப குறிக்க வேணாம்பா," என்றேன்.

காலையிலிருந்து அப்பா வாயிலிருந்து வந்துவிடுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த வார்த்தை அது. என் வாயிலிருந்து வந்தது. சரண் என்னைப் பார்த்தான். ஒரு தடவை பார்த்தான். அப்புறம் மறுபடியும் பார்த்தான், மறுபடியும். ஆற்றங்கரையில் நான் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் வராதது அவனுக்கு அப்போதுதான் வந்தது. முகம் மொத்தமும் கலைந்துபோயிருந்தது, ஒன்றையும் மறைக்கத் தெரியாத சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி.

அது வராமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.